மொழிக்கு மதம் உண்டா?

வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதை இறைவனின் அத்தாட்சியாகக் கூறும் திருமறை, அதனையடுத்தே மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் அத்தாட்சியாகக் கூறுகின்றது. ஸூரத்துர் ரூமின் 22ஆம் வசனம் அது. அங்கு வரும் ‘அல்ஸினா’ என்னும் சொல் ‘லிஸான்’ என்பதன் பன்மை. லிஸான் என்றால் நாவு. மொழி என்பதும் அதற்கே பொருள். ஆகவே நாவுகள் பலவாயிருப்பது படைப்பில் நேர்ந்த குறையன்று. படைத்தவனின் நாட்டத்தில் உள்ளது. ஸூரா இப்ராஹீமின் 4ஆம் வசனமோ, எந்தத் தூதரும் தம் சமூகத்தார் பேசும் மொழியோடன்றி அனுப்பப்படவில்லை என்னும் கருத்தைத் தருகின்றது. எல்லாச் சமூகத்தார்க்கும் எச்சரிப்பவர் வந்தனர் என்பது நம் நம்பிக்கை. அவ்வாறாயின், இறைச்செய்திக்குத் தகுதியற்ற மொழி என்று ஒன்றை எவராலும் சுட்டிக் காட்ட இயலாது.

இதனை ஓதி வரும் நம்மிடையேயும், நம்மைச் சூழ வாழ்வோரிடையேயும் ஓர் எண்ணம் வேரூன்றி நிற்கின்றது. உர்து முஸ்லிம்களுடையது, ஹிந்தி ஹிந்துக்களுடையது, பஞ்சாபி சீக்கியர்களுடையது என்று மொழிகளை மதங்களுக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கும் எண்ணம் அது. தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் வடபுலம் சென்றால், “முஸ்லிமாயிருந்தும் உர்து தெரியாதா?” என்னும் வினாவைச் சந்திக்கின்றார். அவர் தம் ஊரிலேயே இருந்தாலும், “நீங்கள் தமிழரா, முஸ்லிமா?” என்று வேறொருவர் கேட்டு விடுகின்றார். இரு வினாக்களும் ஒரே தவறான அடிப்படையில் எழுந்தவை. பாரத நாட்டின் வரலாறு இவ்விரு வினாக்களுக்கும் என்ன விடை தருகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு பழைய பட்டியல்

இந்நாட்டின் மொழிகளை வரிசைப்படுத்திக் கூறிய பழம்பெரும் பட்டியல்களுள் ஒன்று பாரசீகக் கவிதையில் உள்ளது. அமீர் குஸ்ரு (ரஹ்) அவர்கள் 1318இல் நிறைவு செய்த ‘நுஹ் ஸிபிஹ்ர்’ என்னும் நூல் அது. ‘ஒன்பது வானங்கள்’ என்பது அப்பெயரின் பொருள். டில்லியில் குத்புத்தீன் முபாரக் ஷா ஆட்சி புரிந்த காலம். துருக்கியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர் குஸ்ரு. அந்நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் ஹிந்துஸ்தானத்தின் சிறப்பைப் பாடுவது. இங்குள்ள தட்பவெப்பத்தையும் பறவைகளையும், இந்நாட்டார் உலகுக்குத் தந்த எண் கணக்கையும் சதுரங்கத்தையும் அவர் போற்றுகின்றார். பிற நாட்டார் இந்திய மொழிகளைப் பேச அறியார். இந்தியரோ பிறர் மொழியையெல்லாம் கற்றுப் பேசும் ஆற்றலுடையர் என்பதையும் ஒரு பெருமையாகக் குறிப்பிடுகின்றார்.

அங்கேதான் மொழிப் பட்டியல் வருகின்றது. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஒரு மொழி உண்டு என்று கூறிப் பன்னிரண்டு பெயர்களை அவர் அடுக்குகின்றார். ஸிந்தி, லாஹூரி, கஷ்மீரி, திலங்கி, குஜ்ஜர், பங்காள், அவத், டில்லி வட்டாரத்து மொழி ஆகியன அவற்றுள் அடங்கும். ‘தூர் ஸமுந்தரி’ என்றொரு பெயரும் உண்டு. ஹொய்சாளரின் தலைநகராகிய துவாரசமுத்திரத்தின் பெயரால் வந்த கன்னடம் அது. ‘மஅபரி’ என்று மற்றொன்றும் உள்ளது. ‘மஅபர்’ என்பது தமிழகத்தின் கீழைக் கடற்கரைக்கு அரபியர் இட்ட பெயர். கடந்து செல்லும் இடம், துறை என்பது அதன் பொருள். மஅபரி என்று குஸ்ரு குறித்தது நம் தமிழையே. இவ்வளவும் கூறியபின், ஸம்ஸ்கிருதத்தை இப்பன்னிரண்டோடு சேர்க்காமல், கற்றறிந்த அந்தணரின் நூல்மொழி என்று தனியே எடுத்துப் பேசுகின்றார்.

இப்பட்டியலில் நாம் கருத வேண்டுவது ஒன்று. குஸ்ரு மொழிகளை நிலத்தோடு இணைத்தாரேயன்றி மதத்தோடு இணைக்கவில்லை. ‘முஸ்லிம்களின் மொழி’ என்றொரு வரிசை அதில் இல்லை. டில்லி வட்டாரத்தில் வழங்கிய பேச்சு மொழியை அவரும் அவர் காலத்தாரும் ‘ஹிந்தவி’ என்றனர். இன்று ஹிந்தி என்றும் உர்து என்றும் இரு பெயர் பூண்டு நிற்பவை, அம்மண்ணில் விளைந்த பேச்சிலிருந்தே கிளைத்தவை. ‘ஹிந்தி’ என்னும் பெயர் பாரசீகச் சொல். ‘உர்து’ என்னும் பெயர் பாசறையைக் குறிக்கும் துருக்கியச் சொல். பெயரை மட்டும் வைத்து மதம் தீர்மானிப்பதாயின், இரண்டனுள் எதனை எவருக்குக் கொடுப்பது?

அதே குஸ்ரு எழுதிய மற்றொரு நூலையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். மாலிக் காபூரின் படை 1311இல் பாண்டிய நாட்டின் மீது பாய்ந்த செய்தியை அவர் ‘கஸாயினுல் ஃபுதூஹ்’ என்னும் உரைநடை நூலில் எழுதியுள்ளார். மஅபர் அரசனின் படையில் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதும், டில்லிப் படையின் கையில் அகப்பட்ட அவர்கள் கலிமாச் சொல்ல வல்லவர்களாயிருந்தமையால் உயிர் பிழைத்தனர் என்பதும் அதில் காணப்படும் செய்தி. அவர்களை முழு முஸ்லிம்களாகக் கொள்ளத் தயங்கும் தொனியிலேயே குஸ்ரு எழுதுகின்றார். இந்நாட்டு மன்னனுக்கு உண்ட சோற்றுக்கு நன்றி காட்டி நின்ற முஸ்லிம்கள் டில்லிக்கு விசித்திரமாகத் தோன்றினர். “முஸ்லிமாயிருந்தும் இப்படியா?” என்னும் வினா, அறுநூறு எழுநூறு ஆண்டுகளாக நம்மைப் பின்தொடர்ந்து வருவது என்பது இதனால் விளங்கும்.

தொழுகையும் நமாஸும் நிஸ்காரமும்

மார்க்கம் ஒரு நாட்டினுள் வரும்போது மொழிக்கு என்ன நேர்கின்றது என்பதை அறியச் சில சொற்களே போதும். அல்லாஹ்வை வணங்கும் கடமைக்கு அரபியில் ‘ஸலாத்’ என்று பெயர். தமிழ் முஸ்லிம் அதனைத் ‘தொழுகை’ என்றான். ‘ஸவ்ம்’ அவன் நாவில் ‘நோன்பு’ ஆயிற்று. ‘மஸ்ஜித்’ அவனுக்குப் ‘பள்ளிவாசல்’. திருமறையை அவன் ‘ஓதுகின்றான்’. இவையனைத்தும் கலப்பற்ற தமிழ்ச் சொற்கள். பள்ளி என்னும் சொல் ஒரு காலத்தில் சமணத் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. அதுவே கல்வி பயிலுமிடத்தையும் குறித்துப் பின்னர் நம் வணக்கத் தலத்தையும் குறிக்கலாயிற்று. நோன்பு என்னும் சொல்லைச் சமணரும் சைவரும் வைணவரும் வழங்கினர், நாமும் வழங்குகின்றோம்.

மலையாளக் கரையில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் தொழுகையை ‘நிஸ்காரம்’ என்பர். அது ‘நமஸ்காரம்’ என்பதன் திரிபு. நோன்பு அவர்க்கு ‘நோம்பு’, மஸ்ஜித் ‘பள்ளி’. வடநாட்டார் ‘நமாஸ்’ என்றும் ‘ரோஸா’ என்றும் கூறுகின்றனரே, அவை அரபுச் சொற்களென்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அன்று; அவை பாரசீகச் சொற்கள். ‘குதா’ என்பதும் அவ்வாறே. பாரசீகர் இஸ்லாத்தைத் தழுவியபோது தம் பழஞ் சொற்களை விட்டுவிடாமல் புதிய பொருளுக்கு உரியனவாக்கினர்; அவை அவர்வழி டில்லிக்கு வந்தன. பாரசீகர் தம் மொழியில் செய்ததையே தமிழர் தம் மொழியில் செய்தனர். ‘நமாஸ்’ என்றால் மார்க்கப் பற்று மிகுதி, ‘தொழுகை’ என்றால் குறைவு என்று எண்ணுவது அறியாமையின் பாற்பட்டது. மார்க்கம் மொழிகளை அழித்து வரவில்லை, மொழிகளுக்குள் குடிபுகுந்தது.

இருபுறமும் திறந்த வாயில்

குடிபுகுந்த இடத்தில் அது வாளாவிருக்கவுமில்லை. இந்நாட்டு மொழி ஒவ்வொன்றின் இலக்கிய வரலாற்றையும் திறந்து பார்த்தால் முஸ்லிம் பெயர் ஒன்றேனும் முன்வரிசையில் நிற்கக் காணலாம். மாலிக் முஹம்மது ஜாயஸி 1540இல் ‘பத்மாவத்’ காவியத்தை இயற்றியது அவதி மொழியில். பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களின் பாடல்கள் பஞ்சாபியில் வழங்கிச் சீக்கியரின் திருநூலாகிய குரு கிரந்த ஸாஹிபில் இடம் பெற்றன. கஷ்மீரி மொழியில் ஷைகு நூருத்தீன் (ரஹ்) அவர்களை நுந்த ரிஷி என்று அழைத்து இரு சமயத்தாரும் போற்றுகின்றனர். பீஜப்பூர் சுல்தான் இரண்டாம் இப்ராஹீம் ஆதில்ஷா தக்கணி மொழியில் எழுதிய ‘கிதாபே நவ்ரஸ்’ இசைப்பாடல் நூல். கன்னடத்தில் தத்துவப் பாடல்கள் பாடிய சிசுநாள ஷரீஃப், கோவிந்த பட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டவர். அக்கன்னடத்திலேயே நம் காலத்தில் கவிஞராய் விளங்கிய கே.எஸ். நிஸார் அஹமது 2017இல் மைசூர் தசராவைத் தொடங்கி வைத்தார். வங்கத்தில் காஜி நஸ்ருல் இஸ்லாம் நபிபெருமானார் (ஸல்) அவர்களின் புகழையும் பாடினார். காளியைப் பற்றியும் பாடினார்.

கோழிக்கோட்டில் காஜி முஹம்மது அவர்கள் 1607இல் ‘முஹ்யித்தீன் மாலை’யை அரபு மலையாளத்தில் இயற்றினார். போர்த்துகீசியரின் சாலியம் கோட்டை 1571இல் வீழ்ந்ததைப் பற்றி ‘ஃபத்ஹுல் முபீன்’ என்னும் அரபுக் காவியம் பாடியவரும் அவரே. அக்காவியத்தில் அவர் புகழ்ந்த அரசர் சாமூதிரி. ஹிந்து மன்னர் ஒருவரின் வெற்றியை முஸ்லிம் காஜி ஒருவர் அரபியில் பாடியது நம் நாட்டில் நடந்தது.

வாயில் ஒருபுறம் மட்டும் திறந்ததன்று. ராஜாராம் மோகன் ராய் 1822இல் ‘மிர்ஆத்துல் அக்பார்’ என்னும் இதழை நடத்தியது பாரசீகத்தில். ஏக தெய்வக் கொள்கையை வலியுறுத்தி அவர் எழுதிய ‘துஹ்ஃபத்துல் முவஹ்ஹிதீன்’ பாரசீக நூல். அதன் முன்னுரை அரபியில் அமைந்தது. லக்னோவில் முன்ஷி நவல் கிஷோர் 1858இல் நிறுவிய அச்சகம் வெளியிட்ட அரபு, பாரசீக, உர்து நூல்கள் எண்ணிலடங்கா. திருக்குர்ஆனையும் ஹதீஸ் நூல்களையும் மதிப்போடு அச்சிட்டு ஏழை மாணவரும் வாங்கும்படி பரப்பியவர் அந்த ஹிந்துப் பெரியார். பிரேம்சந்த் முதலில் எழுதியது உர்துவில்; 1908இல் வெளிவந்த அவருடைய ‘ஸோஸே வதன்’ உர்துச் சிறுகதை நூல். உர்து மொழிக்கு ஞானபீடப் பரிசை முதலில் ஈட்டித் தந்தவர் ரகுபதி ஸஹாய் ஃபிராக்; அவர் பிறப்பால் ஹிந்து.

ஒரு மதத்தார் மற்றவர் வேதத்தை அறிய முயன்றதும் மொழியின் வழியாகத்தான். பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி ஸம்ஸ்கிருதம் பயின்று பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். அக்பர் ஆட்சியில் மகாபாரதம் ‘ரஸ்ம்நாமா’ என்னும் பெயரில் பாரசீகமாயிற்று. இளவரசர் தாரா ஷிகோ 1657இல் சுமார் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து ‘ஸிர்ரே அக்பர்’ என்று பெயரிட்டார். ஐரோப்பாவுக்கு உபநிடதம் முதலில் சென்றது அந்தப் பாரசீகப் பெயர்ப்பின் வழியாகவே. அதனை 1801-02இல் லத்தீனில் வெளியிட்டார் ஆங்க்கெத்தில் துப்பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர். ஸம்ஸ்கிருத ஞானத்தை மேலைநாட்டார் அறிந்தது முஸ்லிம் இளவரசர் ஒருவரின் பாரசீகத்தால் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிதல் நன்று.

அரபுத் தமிழ்

இனி நம் இல்லத்துக்கு வருவோம். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர் உமறுப் புலவர் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் பதினேழாம் நூற்றாண்டில் பாடிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் கொண்டது. காண்டங்களின் பெயர் அரபி, யாப்பு தமிழ். இரண்டும் ஒன்றையொன்று வருத்தாமல் அங்கே பொருந்தி நிற்கின்றன.

புலவர்க்கு அது போதும். பொதுமக்களுக்கு மார்க்கத்தைப் போதிக்க ஆலிம்கள் வேறொரு வழி கண்டனர். அதுவே அரபுத் தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபி. இதில் இரு இடர்கள் இருந்தன. அரபுச் சொற்களிலுள்ள பல ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் உச்சரிப்பும் பொருளும் சில வேளை மாறிவிடும். மறுபுறம், தமிழின் ட, ண, ப, ள, ழ, ற போன்றவற்றுக்கும் எகர ஒகரங்களுக்கும் அரபியில் எழுத்தில்லை. எனவே அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். திருமறை ஓதக் கற்ற பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், சிறிது முயன்றால் தாய்மொழியிலேயே மார்க்க நூல்களைப் படிக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

இத்துறையில் தலைசிறந்து விளங்கியவர் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள். இமாமுல் அரூஸ் என்று அழைக்கப்பெறும் அன்னார் 1816இல் பிறந்து 1898இல் மறைந்தவர். ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ முதலிய அன்னாரின் நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுதோறும் இருந்தன. பள்ளிக்கூடம் சென்று தமிழெழுத்துக் கற்காத தாய்மார் தொழுகைச் சட்டத்தையும் நபிமார் வரலாற்றையும் அரபுத் தமிழில் படித்துத் தம் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தனர். அரசாங்கக் கணக்கில் எழுத்தறியாதார் என்று பதியப்பட்ட அவர்கள் உண்மையில் எழுத்தறிந்தவர்கள். அவர்கள் அறிந்த எழுத்தைக் கணக்கெடுப்போர் அறியவில்லை, அவ்வளவே.

அரபுத் தமிழை நாம் பேசுவது பழம்பெருமைக்காக அன்று. ‘அரபு எழுத்து முஸ்லிமுக்கு, தமிழ் மொழி மற்றவர்க்கு’ என்னும் பாகப்பிரிவினையை நம் முன்னோர் ஏற்கவில்லை என்பதற்கு அதனினும் வலிய சான்று வேறில்லை. எழுத்தை மார்க்கத்திலிருந்தும் மொழியை மண்ணிலிருந்தும் பெற்று இரண்டையும் ஒரே பக்கத்தில் அவர்கள் எழுதி வைத்தனர்.

சட்டம் வகுத்த மன்றத்தில்

நாடு விடுதலை பெற்றபின் அரசியல் நிர்ணய சபையில் மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்ட பொருள்களுள் ஆட்சிமொழி ஒன்று. 1949 செப்டம்பர் 12 முதல் 14 முடிய அவ்விவாதம் நடந்தது. அதில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்கள், மொழியின் தொன்மையையே அளவுகோலாகக் கொள்வதாயின் இந்நாட்டில் தமிழே அத்தகுதியுடையது என்று எடுத்துரைத்தார். முஸ்லிம்களின் தலைவராய் அவ்வவையில் அமர்ந்திருந்தவர் தமிழின் தொன்மைக்காக வாதிட்டது சிலருக்கு வியப்பாயிருந்திருக்கலாம். மஅபரின் வரலாறு அறிந்தார்க்கு அதில் வியப்பில்லை.

அதே நாளில் எழுந்த இன்னொரு குரலை நாம் அதிகம் நினைப்பதில்லை. ஆதிவாசிகளின் சார்பில் ஜெய்பால் சிங் பேசினார். முண்டாரி, கோண்டி, ஓராவோன் ஆகிய மூன்றையேனும் அட்டவணையில் சேர்க்குமாறு அவர் வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. எட்டாவது அட்டவணை 14 மொழிகளோடு நடைமுறைக்கு வந்தது. 1967இல் சிந்தியும், 1992இல் கொங்கணி, மணிப்பூரி, நேபாளியும், 2003இல் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலியும் சேர்ந்து 22 ஆயின. ஜெய்பால் சிங் கேட்ட மூன்றுள் ஒன்றும் இன்றளவும் அதில் இல்லை.

குஸ்ரு எண்ணிய பன்னிரண்டுள் பெரும்பாலானவை இன்றைய அட்டவணையில் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அட்டவணையே நாடன்று. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121 காணப்பட்டன; அவற்றுள் 99 அட்டவணைக்கு வெளியே நிற்பவை. பீலி மொழியைத் தாய்மொழியாகக் கூறினோர் ஒரு கோடியைத் தாண்டினர். கோண்டியைக் கூறினோர் ஏறக்குறைய 30 லட்சம். இரண்டும் அட்டவணையில் இல்லை. நம் கையிலுள்ள ரூபாய்த் தாளின் பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் தொகை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அதில் தமிழும் உண்டு. அரபு எழுத்து வரிசையில் எழுதப்படும் கஷ்மீரியும் உர்துவும் உண்டு. சிந்தியும் சந்தாலியும் மைதிலியும் இல்லை. நம் மொழி இருப்பதைக் கண்டு மகிழும் கண், எவருடைய மொழி இல்லை என்பதையும் காண வேண்டும்.

ரத்தம் எழுதிய பாடம்

மதமே மொழியைத் தீர்மானிக்கும் என்று கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நம் அண்டை நாட்டின் வரலாறு போதும். பாகிஸ்தான் தோன்றிய மறு ஆண்டே, 1948 மார்ச்சில், உர்து ஒன்றே அந்நாட்டின் ஆட்சிமொழி என்று டாக்காவில் முஹம்மது அலி ஜின்னா அறிவித்தார். கிழக்குப் பாகிஸ்தானின் முஸ்லிம்கள் வங்கமொழி பேசுவோர். அவர்கள் அதனை ஏற்கவில்லை. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மொழியுரிமை கேட்ட மாணவர்கள் மீது துப்பாக்கி பாய்ந்தது. உயிர் துறந்தவர்களின் பெயர்கள் ஸலாம், பரகத், ரஃபீக், ஜப்பார் என்றிருந்தன. சுட்டவரும் முஸ்லிம், சுடப்பட்டவரும் முஸ்லிம். ஒரே மார்க்கம் இருந்தும் ஒரே மொழி என்னும் கட்டளை நிலைக்கவில்லை. 1971இல் அந்நாடே இரண்டாகியது. பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக 1999இல் யுனெஸ்கோ அறிவித்தது.

இந்தியாவிலும் அவ்வங்கமொழிக்காக உயிர் கொடுத்தோர் உண்டு. அஸ்ஸாமின் சில்சார் ரயில் நிலையத்தில் 1961 மே 19 அன்று 11 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அவர்கள் ஹிந்துக்கள். ஒரே மொழிக்காக டாக்காவில் முஸ்லிமும் சில்சாரில் ஹிந்துவும் மடிந்தனர் என்றால், அம்மொழியின் மதம் யாது? நாட்டுக்குப் பொதுவான தொடர்புமொழி வேண்டும் என்பாரின் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. வாணிபத்துக்கும் நிர்வாகத்துக்கும் அது தேவையே. ஆயினும் சந்தைக்குப் பொதுவழி அமைப்பதற்காக வீட்டுவாசலை அடைத்துவிட வேண்டியதில்லை.

கணக்கும் தீர்ப்பும்

‘முஸ்லிம் என்றால் உர்து’ என்பாருக்கு எண்களே விடை கூறும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் முஸ்லிம்கள் சுமார் 17 கோடியே 22 லட்சம். உர்துவைத் தாய்மொழியாகக் கூறியோர் 5 கோடியே 7 லட்சம். அவர்கள் அனைவரையும் முஸ்லிம்கள் என்றே வைத்துக்கொண்டாலும், முஸ்லிம்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்க்கே உர்து தாய்மொழியாகும். எஞ்சியோர் வங்கம், மலையாளம், தமிழ், கன்னடம், அஸ்ஸாமி, குஜராத்தி, கஷ்மீரி, ஹிந்தி என இந்நாட்டு மொழிகளையே தாயிடம் கற்றவர்கள்.

இதனால் உர்துவின் மதிப்பு குறைவதுமில்லை. மகாராஷ்டிர மாநிலம் அகோலா மாவட்டத்துப் பாதூர் நகராட்சியின் பெயர்ப்பலகையில் மராத்தியோடு உர்துவும் எழுதப்பட்டிருந்தது. அதனை நீக்க வேண்டுமென்று தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரல் 15 அன்று அம்மன்றம் உர்து அப்பலகையில் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மொழி வேறு, மதம் வேறு. மொழி ஒரு வட்டாரத்துக்கும் அதன் மக்களுக்கும் உரியது. உர்து இந்நாட்டிலேயே பிறந்தது என்பன அத்தீர்ப்பின் சாரம். குஸ்ரு 1318இல் நிலத்தோடு மொழியை இணைத்து எழுதியதை, எழுநூறு ஆண்டுகள் கழித்து நீதிபதிகள் சட்ட மொழியில் உறுதி செய்தனர் என்றே நமக்குத் தோன்றுகின்றது. சிற்றூர்ப் பலகை ஒன்றில் சில எழுத்துகள் இருப்பதற்காக உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்ததே என்பது வேறு கவலை.

நாம் செய்ய வேண்டுவது

வரலாறு கூறும் விடை இதுவாயின், நம் கடமைகளும் தெளிவாகின்றன. முதலாவது, தாய்மொழியைக் கேட்குமிடத்தில் தாயின் மொழியைச் சொல்ல வேண்டும். தமிழில் பேசி, தமிழில் கனவு கண்டு, கணக்கெடுப்பில் கௌரவத்துக்காக வேறொன்றைச் சொல்வது உண்மைக்கு மாறானது. உர்து பேசும் நம் சகோதரர்களும் தயக்கமின்றித் தம் மொழியைச் சொல்லட்டும். தமிழகத்தில் அவர்தம் பிள்ளைகள் உர்து கற்க வசதி வேண்டும் என்று கேட்பதற்கு நாமும் துணை நிற்க வேண்டும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மையினருக்கு வசதி செய்து தருமாறு கூறும் 350ஏ என்னும் சட்டப்பிரிவு 1956 முதல் அரசியல் சட்டத்தில் உள்ளது. அது தமிழகத்தில் உர்து பேசுவோர்க்கும், பிற மாநிலங்களில் தமிழ் பேசுவோர்க்கும், காட்டில் கோண்டி பேசுவோர்க்கும் ஒருசேர உரியது. நமக்கு வேண்டும்போது மட்டும் எடுத்து நீட்டிப் பிறருக்கு வேண்டும்போது மறந்துவிடுவது நீதியன்று.

இரண்டாவது, நம் மதரஸாக்களைப் பற்றியது. தமிழெழுத்தில் திருமறை மொழிபெயர்ப்பும் மார்க்க நூல்களும் பெருகியபின் அரபுத் தமிழின் தேவை குறைந்தது. அதில் தவறில்லை, தமிழெழுத்து நம் எழுத்தே. ஆனால் இன்று ஏழாண்டு, எட்டாண்டு ஓதிப் பட்டம் பெற்று வெளிவரும் ஆலிம்களுள் பலர், தம் பாட்டியார் படித்த அரபுத் தமிழ் நூல் ஒன்றை எடுத்து ஒரு பக்கம் வாசிக்க இயலாதவராயிருக்கின்றனர். பழைய வீடுகளை இடிக்கும்போது பெட்டிகளில் கிடைக்கும் கிதாபுகளை, அரபு எழுத்தாயிருக்கிறதே என்று பயபக்தியோடு நீரில் விட்டுவிடுவோரும் உளர். அது குர்ஆன் ஏடன்று, நம் ஊர்த் தமிழ் என்று சொல்லித் தடுக்க அங்கே ஒருவராவது வேண்டாமா? ஒவ்வொரு மதரஸாவிலும் ஓராண்டில், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அரபும் தமிழும் அறிந்த மாணவனுக்கு அரபுத் தமிழ் எளிதில் கைவரும். அவனைத் தவிர வேறெவராலும் அந்நூல்களை முழுதாய் விளங்கிக்கொள்ள முடியாது. எழுத்து மட்டும் தெரிந்தவர்க்குத் தமிழ் விளங்காது. தமிழ் மட்டும் தெரிந்தவர்க்கு எழுத்து விளங்காது.

மூன்றாவது, நம்மைவிட எளியோரின் மொழி பற்றியது. எண்ணிக்கையும் அச்சகமும் கல்விக்கூடமும் உடைய மொழியைக் காக்கப் பலர் உளர். எழுத்தில்லாத, அட்டவணையில்லாத, ரூபாய்த் தாளில் இடமில்லாத மொழிகளைப் பேசுவோர் நம் நாட்டில் கோடிக்கணக்கில் வாழ்கின்றனர். எந்தச் சமூகத்தாரின் மொழியும் இறைச்செய்திக்குத் தகுதியற்றதன்று என்னும் மறையை உடைய நாம், அவர்களுக்காகவும் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.

“தமிழரா, முஸ்லிமா?” என்று இனி எவரேனும் கேட்பின், சினமின்றி விடை கூறுவோம். ‘தொழுகை’ என்னும் ஒரு சொல்லே அதற்கு விடை. மொழிகளின் வேற்றுமையைத் தன் அத்தாட்சியாக ஆக்கிய வல்ல இறைவன், அவ்வத்தாட்சியைப் பேணிக் காப்போரின் கூட்டத்தில் நம்மையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.